லேடி ஆன் கிளிஃபோர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாட்குறிப்புகளில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தப் பெயரை ஒரு முறையாவது கடந்திருப்பார்கள். கோட்டைகள், வழக்கு, ராஜாவை எதிர்த்த கதை என்று துண்டு துண்டாகக் கேள்விப்பட்டவர்களுக்காக, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஓரிடத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரியே போதும்.

முதலில், யார் இவர்?

1590 ஜனவரி 30 அன்று வடக்கு இங்கிலாந்தில் ஸ்கிப்டன் கோட்டையில் பிறந்தவர். கம்பர்லாண்ட் பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்டுக்கும் மார்கரெட் ரஸ்ஸலுக்கும் மகள். அண்ணன்மார் இருவர் சிறு வயதிலேயே இறந்துவிட, மிஞ்சியது இவர் ஒருத்திதான். முதல் திருமணத்தால் டார்செட் சீமாட்டி, இரண்டாவது திருமணத்தால் பெம்புரோக் சீமாட்டி. 1676 மார்ச் 22 அன்று புரூம் கோட்டையில், தன் அப்பா பிறந்த அதே அறையில், 86 வயதில் இறந்தார். எலிசபெத் ராணி காலத்தில் பிறந்து, உள்நாட்டுப் போர், ராஜாவின் தலையை வெட்டியது, கிராம்வெல் ஆட்சி, மறுபடி ராஜாவின் மகன் வந்தது என எல்லாவற்றையும் பார்த்தவர். பார்த்ததை எழுதியும் வைத்தவர்.

எழுத்தாளர் என்கிறார்கள், ஆனால் அவர் காலத்தில் ஒரு புத்தகம்கூட அச்சில் வரவில்லையே?

வரவில்லைதான். அவர் அச்சுக்காக எழுதவில்லை. 1603ஆம் ஆண்டைப் பற்றிய நினைவுக் குறிப்பு, 1616, 1617, 1619 ஆண்டுகளின் நாட்குறிப்பு, தன் வாழ்க்கை வரலாறு, 1650 முதல் ஆண்டுக்கு ஆண்டு எழுதிய வரவு செலவு போன்ற சுருக்கம், கடைசியாக 1676இல் சாகும்வரை தினமும் சொல்லி எழுதவைத்த பதிவு. இவை போக, தன் வம்சத்தின் வரலாற்றைத் தொகுத்த மாபெரும் நூல்கள். எல்லாமே கையெழுத்துப் பிரதி.

என்னைக் கேட்டால், இவற்றை இலக்கியம் என்ற ஒரே கண்ணால் பார்ப்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். இவர் எழுதியது சாட்சியம். எந்தத் தேதியில், எந்த அறையில், யார் முன்னால், யார் என்ன சொன்னார் என்று அவர் குறித்து வைப்பதற்குக் காரணம் இருந்தது. 15 வயதில் தொடங்கிய ஒரு சொத்து வழக்கு அவர் வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்தது. அந்த வழக்கைப் புரிந்துகொள்ளாமல் நாட்குறிப்பைப் படித்தால் அது வெறும் பிரபு வீட்டு வம்பாகத்தான் தெரியும்.

சரி, அந்த வழக்கு என்ன?

அப்பா 1605இல் இறந்தார். உயிலில் கோட்டைகளையும் நிலங்களையும் தன் தம்பி பிரான்சிஸுக்கு எழுதிவைத்து, மகளுக்கு 15,000 பவுண்ட் ரொக்கம் ஒதுக்கினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகைதான். ஆனால் அம்மாவும் மகளும் கேட்டது பணத்தை இல்லை.

அவர்கள் தரப்பு வாதம் எளிமையானது. இரண்டாம் எட்வர்டு ராஜா காலத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதன்படி இந்தச் சொத்து வயிற்றில் பிறந்த வாரிசுக்குத்தான் போக வேண்டும், அது ஆணா பெண்ணா என்ற பேச்சே அதில் கிடையாது. ஆகவே தம்பிக்கு எழுதிவைக்க அப்பாவுக்கு உரிமையே இல்லை. அம்மா மார்கரெட் ஆள் வைத்து, லண்டன் டவரில் கிடந்த அரசு ஆவணங்களைக் கிளறி நகல் எடுக்க ஆரம்பித்தார். குடும்ப வரலாறு எழுதும் வேலை அங்கேதான் தொடங்கியது.

உயிலில் இன்னொரு வரியும் இருந்தது: தம்பியின் ஆண் வாரிசு அற்றுப்போனால் சொத்து ஆனுக்கே திரும்பும். அந்த நேரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு ஹென்றி என்று மகன் இருந்தான்.

அப்பாவுக்கும் கிழக்கிந்திய கம்பெனிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஜார்ஜ் கிளிஃபோர்ட் ராணியின் அனுமதியோடு ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்த கடலோடி. 1598இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் கோட்டையையே பிடித்தார். 1600ஆம் ஆண்டின் கடைசி நாளன்று எலிசபெத் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தில் பங்குதாரர்கள் வரிசையில் முதல் பெயர் இவருடையதுதான். இவர் கட்டிய கப்பல் ஒன்றைக் கம்பெனி வாங்கி, ரெட் டிராகன் என்று பெயர் மாற்றி, தன் முதல் பயணத்துக்குத் தலைமைக் கப்பலாக அனுப்பியது. 1612இல் சூரத்துக்குப் பக்கத்தில் போர்த்துக்கீசியரோடு சண்டை போட்டதும் அதே கப்பல். பிறகு சென்னையில் கோட்டை கட்டிய கம்பெனிக்கு முதல் கப்பல்களில் ஒன்று இந்த வீட்டிலிருந்து போனது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடலில் சம்பாதித்ததைவிட அவர் விட்டுப்போன கடன்தான் அதிகம்.

சின்ன வயதில் என்ன படித்தார்?

வீட்டிலேயே படிப்பு. கவிஞர் சாமுவேல் டேனியல் அவருடைய ஆசிரியர். அப்பா வேற்றுமொழி எதுவும் கற்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் லத்தீன் கிடையாது, மொழிபெயர்ப்பில் படித்தார். ஆனாலும் ஓவிட், சாசர், ஸ்பென்சர், மோன்டேன், டான் கிஹோத்தே என்று படிப்பு விரிந்தது. அந்த ஆசிரியரை அவர் மறக்கவே இல்லை. டேனியலுக்கும், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஸ்பென்சருக்கும் நினைவுச்சின்னம் எழுப்பியவர் இவர்தான்.

ஆனின் பேச்சைப் பற்றிக் கவிஞர் ஜான் டன் சொன்னதாக ஒன்று உண்டு: முன்விதிப்புக் கோட்பாட்டிலிருந்து பூவேலைப் பட்டுநூல் வரை எதைப் பற்றியும் உரையாடத் தெரிந்தவர் என்று. ஆனின் இறுதிச் சடங்குப் பிரசங்கத்தில் பிஷப் ரெயின்போ இதைக் குறிப்பிட்டார்.

1603 குறிப்பில் அப்படி என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அப்போது அவருக்கு 13 வயது. எலிசபெத் ராணி இறந்துபோகிறார். அம்மாவும் பெரியம்மாவும் இறுதி ஊர்வலத்தில் துக்க உடையோடு நடக்கிறார்கள், இவருக்கு மட்டும் அனுமதி இல்லை, உயரம் போதாதாம். அது அவருக்குப் பெரிய மனக்குறை. புது ராஜா ஜேம்ஸ் ஸ்காட்லாந்திலிருந்து வருகிறார், எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். அரண்மனையில் ஓர் அறையில் உட்கார்ந்து எழுந்ததில் எல்லாருக்கும் பேன் பிடித்துவிடுகிறது. வரும் வழியில் வெயிலில் விரட்டியதில் ஒரே நாளில் மூன்று குதிரைகள் சுருண்டு விழுந்து சாகின்றன. அம்மாவுக்குப் பிடிக்காதபடி ஒருவரோடு குதிரையில் முன்னால் போய்விட்டதற்காக, இனி தனி அறையில் தூங்கு என்று தண்டனை.

ஆட்சி மாறிய அந்தச் சில மாதங்களைப் பற்றி அரசாங்கக் கடிதங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் எதிலும் இந்தப் பேனும் குதிரையும் அடம்பிடித்த சிறுமியும் கிடைக்க மாட்டார்கள்.

முதல் கணவர் அவர் பக்கம் நிற்கவில்லையா?

இல்லை. 1609 பிப்ரவரியில், 19 வயதில், ரிச்சர்டு சாக்வில்லை மணந்தார். இரண்டு நாளில் மாமனார் இறக்க, கணவர் டார்செட் பிரபு ஆனார். கென்ட்டில் நோல் என்ற பிரமாண்டமான மாளிகை. கணவருக்கு உடை, சூதாட்டம், சேவல் சண்டை, குதிரைப் பந்தயம் எல்லாவற்றிலும் கை தாராளம், எப்போதும் பணமுடை. சமரசமாகப் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டால் கடனை அடைக்கலாம் என்பது அவர் கணக்கு. மனைவி கையெழுத்துப் போட்டால்தான் அது நடக்கும், மனைவியோ மசியவில்லை.

1616 பிப்ரவரியில் கேன்டர்பரி பேராயரே வந்து, ஒரு சமயம் மிரட்டியும் ஒரு சமயம் புகழ்ந்தும் பேசிப் பார்த்தார். அம்மாவைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு வடக்கே புரூமுக்குப் போனார் ஆன். அங்கிருந்து தன் ஆட்களையும் குதிரைகளையும் திரும்ப அனுப்பும்படி கணவரிடமிருந்து உத்தரவு வருகிறது, மனைவியை விட்டுவிட்டே வரலாமாம். அப்போது அவர் செய்ததைக் கவனியுங்கள்: ஆட்கள் கிளம்புவது கணவரின் கட்டளைப்படி, தன் விருப்பத்துக்கு மாறாக என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவைக்கிறார். கணவனை விட்டுப் பிரிந்த மனைவி என்று நாளைக்கு யாராவது கோர்ட்டில் சொன்னால் காட்ட வேண்டுமல்லவா. 26 வயதுப் பெண்ணுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியப்பாக இருக்கிறது.

கடைசியில் அவரும் கிளம்பினார். ஏப்ரல் 2 அன்று அம்மா கால் மைல் தூரம் கூடவே வந்து வழியனுப்பினார். அடுத்த மாதம் அம்மா இறந்துபோனார். அந்தப் பிரிவுதான் கடைசிச் சந்திப்பு.

குழந்தையைப் பிரித்துவைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. அதே 1616 மே மாதம், இரண்டு வயதுகூட நிறையாத மகள் மார்கரெட்டைத் தன்னிடம் அனுப்பும்படி டார்செட் ஆள் அனுப்பினார். கையெழுத்து வாங்க அதுவும் ஒரு வழி. ஆன் அழுதார், ஆனால் மறுத்தால் வழக்கு இன்னும் மோசமாகும் என்று யோசித்து அனுப்பிவைத்தார். நாட்குறிப்பில் அந்த வாரங்களைப் படிப்பது கஷ்டம். கணவர் லண்டனில் ஊர் மெச்சத் திரிகிறார், நானோ பாலைவனத்து ஆந்தையைப் போல இருக்கிறேன் என்று பைபிளின் சங்கீதப் பாடல் ஒன்றின் சொல்லை எடுத்து எழுதுகிறார்.

ஆனால் டார்செட்டை முழு வில்லனாக அவர் ஒருபோதும் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலக் குறிப்புகளில் அவரை அன்போடுதான் நினைக்கிறார். இரண்டு கணவர்களிலும் அவர் பரவாயில்லை போலும்.

ராஜாவிடமே முடியாது என்றாரா?

ஆமாம், இரண்டு முறை. 1617 ஜனவரி 18 அன்று ஒயிட்ஹால் அரண்மனையில், ராஜா மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கணவனையும் மனைவியையும் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிடவைத்துப் பேசினார். விவகாரத்தை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார். கணவர் சம்மதித்தார். உயிரோடு இருக்கும்வரை எந்த நிபந்தனையிலும் வெஸ்ட்மோர்லாண்டை (புரூம் முதலிய கோட்டைகள் இருந்த வடக்கு மாவட்டம்) விட்டுத்தர முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார் ஆன். அதற்கு முன்பே ராணி அவரிடம், ராஜாவை முழுக்க நம்பிவிடாதே, ஏமாற்றிவிடுவார் என்று எச்சரித்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா, அவர் மகன், கணவர், நீதிபதிகள், வக்கீல்கள் எல்லாரும் கூடிய சபையில் மறுபடி அதே கேள்வி, அதே பதில். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. மார்ச்சில் தீர்ப்பு வந்தது: நிலம் சித்தப்பாவுக்கும் அவர் ஆண் வாரிசுகளுக்கும், பணம் டார்செட்டுக்கு. ஆன் கடைசிவரை அதை ஏற்றுக் கையெழுத்திடவே இல்லை.

அப்புறம் சொத்து எப்படிக் கிடைத்தது?

காத்திருந்துதான். டார்செட் 1624இல் இறந்தார். அதே ஆண்டு ஆனுக்குப் பெரியம்மை வந்து முகம் தழும்பானது. 1630இல் பெம்புரோக் பிரபு பிலிப் ஹெர்பர்ட்டை மணந்தார், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெரும் தொகுப்பு சமர்ப்பிக்கப்பட்ட இரண்டு சகோதரர்களில் ஒருவர். நாலைந்து வருடத்தில் அதுவும் கசந்து தனித்தனியாக வாழ ஆரம்பித்தார்கள்.

சித்தப்பா 1641இல் இறந்தார். அவர் மகன் ஹென்றி 1643 டிசம்பரில், ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். உயிலின் அந்த ஒரு வரி உயிர் பெற்றது. ஆனுக்கு அப்போது 53 வயது. ஆனால் நாடு முழுக்கப் போர், ஸ்கிப்டன் கோட்டை மூன்று வருட முற்றுகையில். லண்டனிலேயே அடைபட்டிருந்து, 1649இல்தான் வடக்கே போனார்.

மாபெரும் நூல்கள் என்கிறீர்களே, அவை என்ன?

பதிவேட்டுப் பெருநூல்கள் என்று சொல்லலாம். பெரிய அளவுத் தாளில் மூன்று தொகுதிகள், அந்த மூன்றையும் மூன்று பிரதிகள் எடுத்தார்கள். ஜான் ராஜா காலத்தில் வெஸ்ட்மோர்லாண்டைப் பெற்ற வெட்டரிபான்ட் வம்சத்திலிருந்து, இசபெல்லா என்ற வாரிசுப் பெண் வழியாக அது கிளிஃபோர்டுகளுக்கு வந்தது தொடங்கி, ஆன் காலம்வரை. அம்மா சேர்த்த நகல்கள்தான் அடித்தளம், யார்க்‌ஷயரின் ஆவண ஆய்வாளர் ரோஜர் டாட்ஸ்வொர்த் போன்றவர்கள் வேலை செய்தார்கள். தலைமுறை வாரியாகப் பத்திரங்கள், சாசனங்கள், ஒவ்வொரு தலைமுறைக்கும் முடிவில் ஒரு வாழ்க்கைச் சுருக்கம். கடைசிச் சுருக்கம் ஆனுடைய சொந்த வாழ்க்கை. அதில் தான் பிறந்த நாளை மட்டும் சொல்லி விடவில்லை, அம்மா தன்னைக் கருத்தரித்தது 1589 மே 1 அன்று, வெஸ்ட்மின்ஸ்டரில் இன்ன வீட்டில் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்!

தாய்ப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் குடும்பங்களை நமக்குத் தெரியும். இவர் அந்தப் பெட்டியையே வரலாறாக எழுதினார். சாதாரணமாகப் பிரபு குடும்ப வரலாறு என்றால் போர், பட்டம், ஆண்கள். இவருடைய நூலில் சொத்தைக் கொண்டுவந்த பெண்களுக்கும் அதைக் காப்பாற்றிய விதவைகளுக்கும் உரிய இடம் இருக்கிறது. வழக்குக்குத் தேவைப்பட்டதால் தேடினார், தேடியதால் கிடைத்தார்கள். கோட்டைகளைவிட இதுதான் அவருடைய பெரிய கட்டடம் என்பது என் கருத்து. 2015இல் ஜெசிக்கா மாலே பதிப்பித்து முழுதாக அச்சில் வந்த பிறகு அதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

அவர் தன் குடும்பத்தை வரையவைத்த மூன்று பலகை ஓவியம் எப்படிப்பட்டது?

1646இல் வரையவைத்தது, இப்போது கெண்டல் ஊரில் ஆபட் ஹால் அருங்காட்சியகத்துக்கு உரியது. உயரம் எட்டடிக்கு மேல். நடுவில் அப்பா, அம்மா, இறந்துபோன அண்ணன்மார். இடப்பக்கம் 15 வயது ஆன், வலப்பக்கம் 56 வயது ஆன். உரிமை பறிபோன வயது ஒரு பக்கம், கைக்கு வந்தபின் மறுபக்கம். நடுவில் போன காலத்துக்கு அங்கே இடமே இல்லை. இரண்டு கணவர்களும் வலப்பக்கச் சுவரில் மாட்டிய சின்னப் படங்களாக மட்டும் இருக்கிறார்கள். புத்தகங்களின் பெயர்கள் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கின்றன. சிறுமியின் அலமாரியில் அவை ஒழுங்காக அடுக்கியிருக்கும், முதியவளின் அலமாரியில் எடுத்துப் படித்துச் செருகியதுபோலச் சாய்ந்தும் சரிந்தும் கிடக்கும். பக்கத்தில் ஒரு நாயும் பூனையும்.

வடக்கே போய் என்ன செய்தார்?

கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். ஸ்கிப்டன், ஆப்பிள்பி, புரூம், பிரஃப், பெண்ட்ராகன் ஆகிய கோட்டைகள், பார்டன் டவர், பல தேவாலயங்கள். பிரஃப் கோட்டை 1521இல் எரிந்து சுமார் 140 வருடம் பாழாய்க் கிடந்தது. ஆப்பிள்பியில் ஏழை விதவைகளுக்காக ஓர் இல்லம் கட்டினார், அது இன்றும் வீடுகளாகப் பயன்படுகிறது. செப்பனிட்ட இடங்களில் எல்லாம் கல்வெட்டு வைத்தார், பாழான இடங்களைத் திரும்பக் கட்டுவதைச் சொல்லும் பைபிளின் ஏசாயா 58:12 வசனத்தோடு. வெஸ்ட்மோர்லாண்டின் பரம்பரை ஷெரிஃப், அதாவது மாவட்டத்தில் அரசரின் அதிகாரி என்ற பதவியும் அவரிடம்தான். நண்பர்களுக்குத் தன் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த பெரிய கதவுப் பூட்டுகளைப் பரிசாகக் கொடுப்பது அவர் வழக்கம்.

குடியானவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்?

இதைத் தவிர்த்துவிட்டு எழுதுபவர்கள் அதிகம். வாடகை, குத்தகை விஷயத்தில் தன் குடியானவர்கள்மேல் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார். தன் உரிமை ஒரு சல்லிக்காசுகூடக் குறையக் கூடாது என்ற பிடிவாதம், அரசன் முன்னால் நின்றபோது வீரமாகத் தெரிகிறது, ஏழை விவசாயி முன்னால் நின்றபோது வேறு மாதிரித் தெரிகிறது. இன்னொரு பக்கம், வேலைக்காரர்களுக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் ரொக்கமாகக் கொடுத்து, தேவையானதை அங்கேயே வாங்கினார். இரண்டும் அதே ஆள்தான்.

‘உங்கள் ஆள் நிற்கக் கூடாது’ என்று அமைச்சருக்கு எழுதிய கடிதம் அவருடையதா?

ஆப்பிள்பி தேர்தலில் அரசாங்கம் தன் வேட்பாளரைத் திணிக்கப் பார்த்தபோது எழுதியதாக ஒரு காரசாரமான கடிதம் எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு கழித்து, 1753இல்தான் அது அச்சில் வந்தது. நடையும் அவருடையது இல்லை. ஆய்வாளர்கள் பலர் அதைப் போலி என்றே கருதுகிறார்கள். தயவுசெய்து அதைப் பகிராதீர்கள். உண்மையாகவே அவர் எழுதியவை வேண்டிய அளவு இருக்கின்றன.

கடைசி நாட்குறிப்பு எப்படிப்பட்டது?

1676இன் முதல் மூன்று மாதம். படுக்கையிலிருந்து அதிகம் எழ முடியாத முதியவர், காலையில் கைகால் நகங்களை வெட்டி நெருப்பில் போட்டதையும், தலைமுடியைக் கத்தரித்ததையும், யார் சாப்பிட வந்தார்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதையும் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். கூடவே, இதே தேதியில் அத்தனை வருடம் முன்பு என்ன நடந்தது என்பதும் வருகிறது. ஜனவரி 18 அன்று, 59 வருடங்களுக்கு முன் இதே நாளில் ஜேம்ஸ் ராஜா முன்னால் போய் நின்றதை நினைத்துக்கொள்கிறார். அந்த அறையின் சுவரிலும் கட்டில் திரையிலும் படித்ததில் பிடித்த வாசகங்களைத் தாளில் எழுதிக் குத்தி வைக்கச் சொல்வார் என்கிறார் பிஷப் ரெயின்போ. மார்ச் 21 அன்று, இன்று அறையைவிட்டு வெளியே போகவில்லை என்ற பதிவோடு முடிகிறது. மறுநாள் இறந்தார்.

விட்டா சாக்வில்-வெஸ்ட் இதில் எங்கே வருகிறார்?

ஆனின் நாட்குறிப்பை 1923இல் முதன்முதலாகப் புத்தகமாகப் பதிப்பித்தவர் விட்டா. ஆன் வாழ்ந்த அதே நோல் மாளிகையில், அதே சாக்வில் குடும்பத்தில் 1892இல் பிறந்த எழுத்தாளர், அவரும் தன் குடும்ப வரலாற்றை எழுதியவர். ஒரே மகள். 1928இல் அப்பா இறந்தபோது, பெண் என்பதால் நோல் அவருக்குக் கிடைக்காமல் அப்பாவின் தம்பிக்குப் போனது. ஆனின் கதையை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஸ்கிப்டன் கோட்டை நல்ல நிலையில் இருக்கிறது, உள்முற்றத்தில் 1659இல் அவர் நட்ட யூ மரத்தோடு. புரூமும் பிரஃபும் இடிபாடுகள், ஆனால் போகலாம். புரூமுக்குப் பக்கத்தில் சாலையோரம், அம்மாவைக் கடைசியாகப் பிரிந்த இடத்தில் 1656இல் அவர் நிறுத்திய தூண் இருக்கிறது, ஒவ்வோர் ஏப்ரல் 2 அன்றும் ஊர் ஏழைகளுக்கு 4 பவுண்ட் கொடுக்க ஏற்பாடு செய்தார், அது இன்றும் நடக்கிறது. ஆப்பிள்பி தேவாலயத்தில் அம்மாவின் கல்லறைமேல் அவருடைய சிலை உண்டு. ஆனின் கல்லறையில் சிலை கிடையாது, சுவர் நிறைய வம்சத்துக் கேடயச் சின்னங்கள்தான். ஆன் எந்த வம்சத்தில் வந்தவர் என்பதை அதில் வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம்.

எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

1603 குறிப்பு சிறியது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம், அதில் ஆரம்பியுங்கள். அடுத்து 1616–1617 நாட்குறிப்பு, பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு. அதன்பிறகு 1676இன் கடைசி மாதங்கள், முன்னால் படித்த பெயர்கள் எல்லாம் அங்கே திரும்ப வரும். பெருநூல்களை முதலில் எடுக்காதீர்கள், நூற்றுக்கணக்கான பக்கம் பத்திரங்களே வரும். வழக்கின் விவரம் பிடிபட்ட பிறகு அந்தப் பத்திரங்களே சுவாரசியமாகிவிடும்.